மேளமில்லாமல் வந்த சம்பந்தி

அத்தியாயம் பதினாறு

போன வாரம் தவசியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று உங்களில் பலருக்கு என்மேல் கோபம். நியாயம்தான். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போகணும் என்று அடம்பிடித்த மனுஷனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன். வண்டி கோச்சடையைத் தாண்டும்போது, “ஜன்னலத் தொற தாயி” என்று மருமகளிடம் கேட்கவும் வைத்தேன். அதோடு எனக்குக் கொடுத்த பக்கம் தீர்ந்துபோனது.

ரம்யாஸ்ரீ ஜன்னலைத் திறந்தாள். வைகைக் காற்று உள்ளே வந்தது. கோச்சடைத் தெருக்கள் பின்னால் போகிற வரைக்கும் தவசி வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலக்கால் ஊர் வருவதற்குள் போய்விட்டார்.

எண்பதைத் தாண்டிய கட்டை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கிள்ளியே பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி பார்த்து, ஒருத்தரையும் படுத்தாமல் போன உயிர். சோழவந்தானை ஒட்டிய அந்த ஊரில் இதற்குப் பெயர் கல்யாணச் சாவு. விடிந்தும் விடியாமலும் ஊர் வேலையில் இறங்கிவிட்டது.

பந்தல்காரர்கள் ஒரு பக்கம் கம்பு நட்டார்கள். வேப்பமரத்து உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் ஏறியது. கறிகாய் மூட்டை வந்தது, வாடகை நாற்காலி வந்தது, வாணவெடிக் கட்டு வந்தது. பஸ் ஸ்டாப்பில் தவசியின் பிளக்ஸ் பேனர் ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. வீட்டில் தேடிக் கிடைத்த ஒரே நல்ல படம், கண் ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்தது. அதனால் தவசி பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எலெக்‌ஷனில் நிற்கப் போகிறவர் மாதிரி சிரித்தார்.

“எங்கய்யா போறது இந்த ஊரு இதுவரைக்கும் பாக்காததா இருக்கணும்” என்று மகன் பாண்டியராஜன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது. ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. துக்கம் ஒரு பக்கம் என்றால் அய்யாவை ஜோராக அனுப்பிவைக்கிற பரபரப்பு இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்து ஆண்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

அவன் மனைவி ரம்யாவுக்கு இது எதுவும் பழக்கமில்லை.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமமூர்த்தியின் இளைய மகள் அவள். வீட்டில் சௌராஷ்டிர பாஷை. நாலு வருஷத்துக்கு முன்னால் கொடிக்கால்காரர் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு கோச்சடை வீட்டைவிட்டு வந்தாள். ‘எனக்கு இனிமேல் ஒரே பொண்ணு’ என்று சொல்லிக் கதவைச் சாத்திய ராமமூர்த்தி இன்றுவரை திறக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

அந்த வீட்டில் அழுகைக்கும் ஒரு அடக்கம் உண்டு. பாட்டி இறந்த அன்று ராமமூர்த்தி வாசலில் நின்றுகொண்டு, “அழுகைச் சத்தம் படி தாண்டக் கூடாது” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஒருத்தரும் தாண்டவில்லை. தெருமுனைக் கடைக்காரருக்கே சாயங்காலம்தான் விஷயம் தெரியும்.

அப்படி வளர்ந்தவள், காலையில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, மாமா போயிட்டார்.”

மறுமுனையில் ராதாமணி விசும்புவது கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அப்பாகிட்ட சொல்லிட்டேன்டி” என்றாள்.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. காபியைப் பாதியில வச்சுட்டு எழுந்து கடைக்குப் போயிட்டார்.”

“சம்பந்தி கோடி போடணும்மா. இங்க அதுதான் பெரிய மரியாதை. தண்ணி எடுத்துவந்து மாமாவைக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடி, பொண்ணு கொடுத்தவங்க, பொண்ணு எடுத்தவங்க எல்லாரும் மேளத்தோட வந்து வேட்டியும் மாலையும் போடணும். யார் வந்தாங்கன்னு மைக்கில பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.”

“மேளத்தோடயா?” ராதாமணி மூச்சை இழுத்தாள். “உங்கப்பாவா? கல்யாண ஊர்வலத்துலயே மேளக்காரர் காதுகிட்ட வந்தா நாலு அடி தள்ளி நடக்கிற மனுஷன்டி.”

ரம்யாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டாள். தனக்காக இல்லை. வீட்டைவிட்டு வந்து நின்ற அன்று, ஒரு கேள்வியும் கேட்காமல், “பசிக்குதா தாயி?” என்று மட்டும் கேட்ட மனுஷருக்கு அவள் வீட்டு மரியாதை ஒன்று விழ வேண்டும். அது விழாமல் தூக்கிவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் குறை அவளுக்குப் போகாது.

---

அவளுக்கு ஒரு துணை வரப்போவதாக நம்பிக்கொண்டிருந்தாள். தவசியின் மகள் ரோகிணி. தல்லாகுளத்தில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டு.

விடிகாலையிலேயே ரோகிணி போனில் கண்டித்துச் சொல்லியிருந்தாள். “ரம்யா, இந்தா பாரு. என் ஆபீஸ்லருந்து ஆளுக வாராக. கொட்டு, குத்தாட்டம், மாரடிக்கிறது எதுவும் வேணாம்னு நீயும் நானுந்தேன் சொல்லணும். பாண்டி கேக்க மாட்டான். நீ ஒருத்திதேன் அங்க நிதானமான ஆளு.”

பதினோரு மணிவாக்கில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. ரோகிணி இறங்கினாள். வெளிர் நீலச் சேலை, கையில் மடித்த கைக்குட்டை. பின்னாலேயே ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் மாலையோடு இறங்கினார்கள். வாசல் வரைக்கும் ரோகிணி சூப்பிரண்டு மாதிரியே நடந்தாள்.

பந்தலுக்கு நடுவில், நாற்காலியில், நெற்றியில் நாணயமும் தோளில் துண்டுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க் கொட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு அடி போட்டார்.

கைக்குட்டை எங்கே போனதென்று தெரியாது.

“என்னப் பெத்த அய்யா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பந்தல் கம்பில் இருந்த காக்கை பறந்தது. ஓடிப்போய் அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “கொடிக்கா ராசா! ஆபீஸரு மகளப் பாருய்யா, கண்ணத் தொறந்து பாருய்யா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் கூட்டம் அவளை அப்படியே நடுவில் வாங்கிக்கொண்டது. ஆபீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரம்யா தூணோரம் நின்றாள். ஒத்தாசைக்கு வருவதாகச் சொன்ன மதினி கண்ணெதிரே கட்சி மாறிவிட்டாள். கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது. மனசில் இருப்பதை இப்படி நாலு பேர் முன்னால் கொட்டிவிட்டு மூச்சு வாங்க முடிந்தால் எப்படி இருக்கும்!

அவளால் முடியவில்லை. கண் காய்ந்து கிடந்தது.

அது மற்றவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா?

“டவுனுப் புள்ளைக்கு ஒரு சொட்டு வரலையே.”

“தூக்கி வச்சுக் கொண்டாடுன மாமனாருத்தா. கல்லு கணக்கா நிக்கிறா பாரு.”

“அவ அப்பனே எட்டிப் பாக்கல. அவளுக்கு எங்கிட்டிருந்து வரும்?”

காதில் விழ வேண்டும் என்றே பேசுகிற பேச்சு அது. ரம்யா தலையை நிமிர்த்தாமல் மாமியாருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒச்சாயி அதைக் குடிக்கவில்லை. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, குரல் கம்மிப்போய், புருஷனோடு வழக்குப் பேசுவது போலப் பாடிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம
விடியுமுன்னே பஸ்ஸு ஏறி
கண்ணாஸ்பத்திரி போனீகளே
கண்ணுக்கு மருந்து விட்டீகளே
மருந்து விட்ட கண்ணு ரெண்டும்
மண்ணுக்கா போகணும் எஞ்சாமி!”

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் நடந்ததிலிருந்து தவசி ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. மழையோ வெயிலோ, கையில் ஒரு வெற்றிலைக் கட்டோடு மதுரைக்குக் கிளம்பிவிடுவார். ‘கண்ணுக்கு இம்புட்டு வைத்தியமா?’ என்று ஒச்சாயி கேட்டால், ‘டாக்டரு சொல்றாகடி’ என்பார்.

---

பொழுது உச்சிக்கு ஏறியபோது, ஊர் எல்லையில் வெடிச் சத்தம் கேட்டது.

“மூத்த சம்பந்தி! மூத்த சம்பந்தி வாராக!” என்று தெரு முழுக்க ஒரே ஓட்டம்.

ரோகிணியின் மாமனார் வீட்டுக்காரர்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். சும்மாவா வந்தார்கள்! இரட்டை நாதஸ்வரம், நாலு தவில், முன்னால் சிலம்பம் சுற்றும் இளவட்டங்கள், ஆள் தூக்க முடியாத ரோஜா மாலை. வானத்தில் வெடி, தரையில் ஆட்டம். ஊர்வலம் மந்தைத் திடலிலிருந்து பந்தலுக்கு வந்து சேரவே அரை மணி ஆனது. சாவு வீடு என்று தெரியாதவன் பார்த்தால் பந்தியில் இடம் தேடியிருப்பான்.

மைக்கைப் பிடித்திருந்தவர் கருப்பு. தவசிக்குத் தம்பி முறை. சாவு வீட்டு முறைமைகளில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“தவசித் தேவருக்கு மூத்த சம்பந்தி கோடி போடுறாக! மாலை போடுறாக! எல்லாரும் பாத்துக்கங்கய்யா!” வேப்பமரத்துக் குழாய் அதை ஊருக்கும், வாய்க்காலுக்கும், அதைத் தாண்டிய கொடிக்கால்களுக்கும் சொன்னது.

ரோகிணியின் முகத்தில் அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமிதம் வந்து போனது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தன் புகுந்த வீடு தன் அப்பாவை எப்படி மதிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

கருப்பு மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மைக்கை எடுத்தார். “அடுத்து இளைய சம்பந்தி! பாண்டியராஜனுக்குப் பொண்ணு கொடுத்தவக! வந்தாச்சா? தண்ணிக்குப் போகணும், நேரமாகுது!”

பந்தலில் இருந்த அத்தனை தலையும் ரம்யாவின் பக்கம் திரும்பியது.

“வாராக சித்தப்பா, வந்துக்கிட்டேயிருக்காக!” என்று பாண்டியராஜன் எங்கிருந்தோ குரல் கொடுத்தான்.

ரம்யா திடுக்கிட்டாள். வருகிறாரா? யார் சொன்னது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷனைத் தேடி ஓடினாள்.

வீட்டுப் பின்னால், மாட்டுக் கொட்டத்தருகே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு செல்போனில் கத்திக்கொண்டிருந்தான் பாண்டியராஜன். “சுடலை! மந்தைக்கு வந்துட்டியா? பேனரு ஒழுங்கா இருக்கா? யாரும் கேட்டா மாமாவுக்கு மேலுக்குச் சொகமில்லை, அனுப்பிவச்சாகன்னு சொல்லு!”

திரும்பினான். ரம்யா நின்றாள்.

“எந்த மாமாவுக்கு?” என்று கேட்டாள்.

பாண்டியராஜனுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவனிடம் அவளுக்குப் பிடித்ததே. இப்போதும் வரவில்லை. “உங்கப்பாவுக்கு” என்றான்.

“என்னங்க செஞ்சு வச்சிருக்கீங்க?”

“வாடிப்பட்டி மேளம் சொல்லியிருக்கேன். மாலை, வேட்டி எல்லாம் உங்க வீட்டுப் பேர்ல. நம்ம மண்டி சுடலை கொண்டுவாரான். அவன இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

“எங்கப்பா பேர்ல பொய்யா மாலையா?”

“பின்ன என்ன செய்யச் சொல்ற?” அவன் குரல் உடைந்தது. “காலையிலருந்து உன்னைய இவளுக பேசுறது என் காதுல விழலையா? மைக்கில உன் வீட்டுப் பேரு வராம எங்கய்யாவத் தூக்கவா? அந்தாளு உன்னைய மகளா நெனச்சாரு ரம்யா. நீ தலகுனிஞ்சு நிக்கிறத அவரு முன்னாடி நான் பாக்க மாட்டேன்.”

ரம்யாவுக்கு ஒரு கணம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இந்த முட்டாளை நம்பி வந்தது தப்பே இல்லை.

“நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். “வராதவரை வந்ததாச் சொல்லி மாமாவை ஏமாத்தக் கூடாது. பேர் வரலைன்னா வரலை. நான் நின்னுக்கறேன்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. எப்படி எடுப்பான்? மந்தையில் வாடிப்பட்டி மேளம் ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலே கேட்காது, சுடலையின் செல்போனா கேட்கும்?

ரம்யா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ஓடினாள்.

---

மந்தையில் ஊர்வலம் தயாராக நின்றது. தவில்காரர்கள் தலையை ஆட்டி ஆட்டி அடித்தார்கள். முன்னால் இரண்டு பேர் பேனரைப் பிடித்திருந்தார்கள். ‘ஆழ்ந்த இரங்கலுடன், சம்பந்தி ராமமூர்த்தி குடும்பத்தார், கோச்சடை.’ அதற்கு முன்னால், பட்டு அங்கவஸ்திரத்தைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தாம்பாளத்தோடு சுடலை.

அந்தப் பேனருக்கு எதிரே, சாலையோரமாக ஒரு பழைய பஜாஜ் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், கையில் ஒரு மஞ்சள் பையோடு, பேனரை எழுத்துக்கூட்டிப் படிப்பது போல நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சுடலை அவரிடம் போனான். “பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க. சம்பந்தி மாலை வருது.”

“எந்தச் சம்பந்தி?”

“இந்தா போட்டிருக்குல்ல? கோச்சடை ராமமூர்த்தி அய்யா.”

“அவர் வந்திருக்காரா?”

“அவருக்கு மேலுக்குச் சொகமில்லைங்க. படுத்த படுக்கையா இருக்காக.”

“அப்படியா?” என்றார் பெரியவர். “எனக்குத் தெரியாதே.”

ஓடிவந்த ரம்யா புளியமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள். நாலு வருஷத்தில் அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. சட்டை மட்டும் அதே கஞ்சி மடிப்பு.

ராமமூர்த்தி அவளைப் பார்த்தார். செருகிய தலைப்பை, செருப்பில்லாத காலை, காய்ந்த கண்ணைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க” என்றார் சுடலையிடம்.

“அதைச் சொல்ல நீங்க யாரு?”

“படுத்த படுக்கையா இருக்கறவன்.”

சுடலையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் கையைத் தூக்கவும் தவில் ஒவ்வொன்றாக அடங்கியது.

ராமமூர்த்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மகளைக் கடந்துபோகும்போது நின்றார். “எந்தப் பக்கம்?” என்று மட்டும் வீட்டு பாஷையில் கேட்டார்.

ரம்யா வழி காட்டினாள். அவர் முன்னால், அவள் பின்னால். அவளுக்குப் பின்னால், என்ன செய்வதென்று தெரியாத வாடிப்பட்டிக்காரர்கள் தவிலைத் தோளில் போட்டபடி சத்தமில்லாமல் வந்தார்கள். இப்படி ஒரு ஊர்வலத்தை அந்த ஊர் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வீடு ஜனம் வாசலுக்கு வந்துவிட்டது.

---

பந்தல் வாசலில் கருப்பு வழியை மறித்தார். கையில் மைக், முகத்தில் கோபம்.

“நில்லுங்க! யாரு நீங்க? மேளக்காரன் வாரான், மேளம் எங்க? ஊமை ஊர்வலமா வந்து கோடி போடுறதுக்கு எங்கண்ணன் என்ன அநாதையா?”

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. பாண்டியராஜன் ஓடிவந்தான். மாமனாரைப் பார்த்தான், பின்னால் சுருட்டிய பேனரைப் பார்த்தான், வெளுத்துப்போனான்.

“எனக்கு மேளத்தோட வரப் பழக்கமில்லைங்க” என்றார் ராமமூர்த்தி. “மனசு இவ்வளவு கனமா இருக்கும்போது சத்தத்துக்கு நடுவுல நடக்க என்னால ஆகலை. தப்பா நினைக்காதீங்க.”

“ஆகலேன்னா? இது எங்க மொறைங்க!”

“சித்தப்பா!”

ரோகிணி. தலைமுடி கலைந்து, குரல் போய், பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தாள். “நான் காலையில கொட்டு வேணாம்னு சொன்னவ. அப்பறம் நாந்தேன் ஊருக்கே கேக்க அழுதேன். யாரும் என்னைய ஏன்னு கேக்கல. இவருக்கு முடிஞ்ச மாதிரி இவரு வரட்டும். வந்தாருல்ல?”

கருப்புக்குச் சட்டத்தை முழுக்க விட்டுக்கொடுக்க மனசில்லை. மைக்கை ராமமூர்த்தியின் வாய்க்கு நேராக நீட்டினார். “சரி. மேளந்தேன் சொல்லல. நீங்களே சொல்லுங்க, யாரு வந்திருக்கதுன்னு. ஊரு கேக்கணும்.”

ராமமூர்த்தி மைக்கைப் பார்த்தார். கடையில்கூடக் குரல் உயர்த்தாதவர். தொண்டையைச் செருமினார். அது வேப்பமரத்திலிருந்து பெரிதாகக் கேட்டது. அவரே பயந்துவிட்டார்.

“நான்...” என்றார். நிறுத்தினார்.

ரம்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோச்சடை ராமமூர்த்தி என்று சொன்னால் போதும். சம்பந்தி என்று சொன்னால் போதும். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

“நான் ரம்யாஸ்ரீயோட அப்பா.”

குழாய் அதை ஊருக்குச் சொன்னது. வாய்க்காலுக்குச் சொன்னது. கொடிக்கால்களுக்குச் சொன்னது.

ரம்யா அழுதாள். தூணைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், படி தாண்டி, தெரு தாண்டிக் கேட்கும்படி அழுதாள். “மாமா! எங்கப்பா வந்திருக்கார் மாமா!” என்று நாற்காலியில் இருந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். காலையிலிருந்து அவளைக் கல் என்ற பெண்களே வந்து தாங்கிப் பிடித்தார்கள்.

ராமமூர்த்தி அவளைத் தடுக்கவில்லை. மஞ்சள் பையிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து, கடைக்காரர் நேர்த்தியோடு விரித்து, தவசியின் தோளில் போர்த்தினார். சம்பந்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாடிப்பட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“இப்ப அடிங்கப்பா. நல்லா அடிங்க. எனக்குத்தான் ஆகாது. அவருக்கு மேளம்னா உசிரு.”

தவில்காரர்களின் கை எழுந்தது.

“நிறுத்துங்கடா!”

ஒச்சாயி. காலையிலிருந்து எழுந்திருக்காதவள், நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

“அவருக்கு மேளம்னா உசுருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? நீங்க அவரப் பாத்ததே இல்லையே சம்பந்தி.”

ராமமூர்த்தி வாயைத் திறந்தார். நாலு பேர் முன்னால் அழுதறியாத மனுஷனின் உதடு கோணிக்கொண்டது. பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு. போன வெள்ளிக்கிழமையது. ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. அதை ஒச்சாயியிடம் நீட்டியபடி வீட்டு பாஷையில் என்னவோ சொன்னார். சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரில் அது புரிந்தது ஒருத்திக்குத்தான்.

“என்னத்தா சொல்றாரு ஒங்கப்பா?”

ரம்யாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அப்பாவையும் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரையும் பார்த்தாள். ஜன்னலைத் திறக்கச் சொன்ன குரல் மறுபடி கேட்டது.

“‘வெள்ளிக்கிழமை ஆனா என் கடை வாசல்ல வந்து உட்காருவாரு. இனிமே யாரு எனக்கு வெத்தலை கொண்டுவந்து, என் பொண்ணு எப்படி இருக்கான்னு சொல்லப் போறா’ன்னு கேக்குறார் அத்தை.”

ஒச்சாயி வெற்றிலைக் கட்டை வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். தன் கொடிக்கால் வெற்றிலை அவளுக்குத் தெரியாதா? மெதுவாகப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“கண்ணு மருந்தா விட்டீரு, கள்ளப் பயபுள்ள!”

அழுகையும் சிரிப்புமாக அவள் நெஞ்சில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். அப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, பக்கத்தில் கிடந்த நாற்காலி ஒன்றைத் தன் கையாலேயே இழுத்து, புருஷனுக்கு எதிரே போட்டாள்.

“உக்காருங்க சம்பந்தி. கருப்பு, அந்த மைக்க அமத்துடா. தண்ணி எடுக்க அப்பறம் போகலாம். நாலு வருசமா இந்த மனுசன் எனக்குச் சொல்லாம ஒங்ககிட்ட என்னென்ன பேசுனாருன்னு ஒண்ணுவிடாமச் சொல்லுங்க. அதக் கேக்காம நான் இவரத் தூக்கவிட மாட்டேன்.”